முகநூல் பெட்டியா, சொந்தப் பெட்டியா?

வலைப்பதிவில் முகநூல் கமெண்ட் பெட்டியை ஒட்டியவர்களுக்கு ஒரு நிம்மதி கிடைத்தது: பெயரை மறைத்து எழுதும் அனானிகளின் தொல்லை குறைந்தது. பெயரும் படமும் தெரிந்தால் வாய் கொஞ்சம் அடங்கத்தானே செய்யும். ஆனால் முகநூல் கணக்கு இல்லாதவருக்கு இடமிருக்கவில்லை. எழுதியதெல்லாம் இருந்ததும் அடுத்தவர் சர்வரில்.

இதன் விலை கூகுளின் வலைப்பதிவுத் தளமான பிளாகரில் எழுதியவர்களுக்குத் தெரியும். 2013இல் கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸின் பின்னூட்டப் பெட்டி வந்தபோது ஆசையாக மாறியவர்கள் உண்டு. 2019இல் கூகுள் பிளஸையே மூடினார்கள். பின்னூட்டங்களும் கூடவே போயின. பதிவு அப்படியே இருக்கிறது, அதன் கீழே நடந்த சண்டையைத்தான் காணோம். (சில பதிவுகளில் சண்டைதான் சுவாரஸ்யமே!)

வலைப்பதிவு மென்பொருளான வேர்ட்பிரஸின் சொந்தப் பெட்டியில் பெயரும் மின்னஞ்சலும் போதும். பதிவுகள் இருக்கும் அதே டேட்டாபேஸில்தான் கருத்துகளும் சேரும். வேறு ஹோஸ்டிங்குக்குப் போனாலும் மூட்டை கட்டி எடுத்துப் போகலாம். ஸ்பேம்தான் தலைவலி. 'அருமையான பதிவு' என்று பாராட்டிவிட்டு, பெயருக்குப் பின்னால் மாத்திரைக் கடை லிங்க்கை ஒளித்து வைத்திருப்பார்கள். ஸ்பேம் வடிகட்டியான அகிஸ்மெட் பெரும்பாலும் பிடித்துவிடும், மிச்சத்தை நாம்தான் கூட்டிப் பெருக்க வேண்டும்.

என் ஓட்டு சொந்தப் பெட்டிக்கே. ஒருவரின் முதல் பின்னூட்டத்துக்கு மட்டும் அனுமதி தேவை என்று செட்டிங்கில் வைத்திருக்கிறேன். அப்புறம் அவர் நேராக வந்து எழுதலாம், என்னைத் திட்டுவதற்கும்கூட.