செகண்ட் ஹேண்ட் எலக்ட்ரிக் கார்: நிரம்பித் தெரியும் பேட்டரிக் கட்டங்களை நம்பாதீர்கள்

குறைந்த விலையில் பழைய எலக்ட்ரிக் கார் வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். பேட்டரி தேய்ந்துபோனதை மறைத்து எனக்கு ஒரு காரை விற்றுவிட்டார்கள். விற்றவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது தனியாக நடக்கட்டும். எப்படி ஏமாற்றினார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பார்க்கப் போன அன்று கார் முழு சார்ஜில் நின்றது. டாஷ்போர்டில் பேட்டரியின் நலத்தைக் காட்டும் கட்டங்கள் அத்தனையும் நிரம்பியிருந்தன. ரேஞ்சும், அதாவது இருக்கும் சார்ஜில் ஓடக்கூடிய தூரமும், பெரிய எண்ணாகத் தெரிந்தது. "கட்டம் ஒண்ணுகூடக் குறையல சார், புது பேட்டரி மாதிரி" என்றார் விற்றவர். கம்பெனியின் பழைய விளம்பரத் தாளையும் எடுத்து நீட்டினார். அதிலும் கிட்டத்தட்ட அதே ரேஞ்ச்.

ஓட்டத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. நல்ல பேட்டரி அத்தனை வேகமாகத் தேயாது. வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள, காரின் கணினித் தகவல்களைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு சின்னக் கருவியைச் செருகி, செல்போன் திரையை என் பக்கம் திருப்பினார். பேட்டரியின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு இல்லை! அது நேற்று இன்று போனதல்ல. சில மாடல்களில் பேட்டரியைக் கண்காணிக்கும் மென்பொருளை ரீசெட் செய்துவிட்டால், பேட்டரி புதியது என்றே அது கணக்கைத் தொடங்கும். கட்டங்கள் நிரம்பிவிடும். ஓட்ட ஓட்ட உண்மை அளவைக் கண்டுபிடித்து மறுபடி கீழே இறங்கும். அதற்குள் கார் கைமாறியிருக்கும்.

டாஷ்போர்டு காட்டும் ரேஞ்சும் அளந்து சொல்வதல்ல. கடைசியாக எப்படி ஓட்டினார்களோ அதை வைத்துப் போடும் கணிப்பு. ஏசி போடாமல் மெதுவாக ஓட்டி நிறுத்தினால் அது தானாகக் கூடும்.

அந்த விளம்பரத் தாளில் இருந்தது என்இடிசி என்ற பழைய ஐரோப்பியச் சோதனையின் எண். ஆய்வகத்தில், ஏசியும் ஹீட்டரும் போடாமல், சராசரியாக மணிக்கு 34 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது அது. 24 கிலோவாட் மணி பேட்டரியோடு வந்த முதல் தலைமுறை நிஸான் லீஃபுக்கு இந்தக் கணக்கில் 175 கி.மீ.; அதே காருக்கு அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏ கொடுத்தது 73 மைல், அதாவது சுமார் 117 கி.மீ. ஐரோப்பாவில் புது மாடல்களுக்கு 2017 செப்டம்பரில், நிஜ ஓட்டத்துக்கு இன்னும் நெருக்கமான டபிள்யூஎல்டிபி சோதனை வந்த பிறகு நிலைமை கொஞ்சம் தேவலை. ஆனால் பழைய கார்களை விற்பவர்கள் இன்னும் பழைய தாளைத்தான் நீட்டுகிறார்கள். சின்ன பேட்டரிக்கு இந்த வித்தியாசம் பெரிய அடி. ஹைவேயில் வேகம் இரட்டிப்பானால் காற்றுத் தடை நான்கு மடங்காகிறது. குளிரில் ஹீட்டர் வேறு.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "ரேஞ்ச் ஓட்டுறவங்களைப் பொறுத்தது" என்றார் விற்றவர். ரேஞ்ச் வேண்டுமானால் அப்படி இருக்கலாம். கொள்ளளவு எப்படி ஓட்டுபவரைப் பொறுத்ததாகும்?

இதைவிட எனக்கு வருத்தம், வீட்டில் எல்லோரும் "விலை குறைஞ்ச எலக்ட்ரிக் கார்னாலே நடுரோட்டுல நின்னுடும்" என்று முடிவு கட்டிவிட்டதுதான். அது உண்மையில்லை. இத்தனை தேய்ந்த பிறகும் தினமும் வேலைக்குப் போய்வர என் கார் போதுகிறது. தூரப் பயணத்துக்குத்தான் ஆகாது. நான் கேட்டு வாங்கியதோ அதற்கு. உள்ளதைச் சொல்லி, குறுந்தூரம் ஓட்டுகிற ஒருவருக்கு அதற்கேற்ற விலையில் விற்றிருந்தால் அவர் சந்தோஷமாக ஓட்டியிருப்பார். இப்படி விற்பவர்களால்தான் நல்ல கார்களுக்கும் கெட்ட பெயர்.

வாங்கும் முன் எஸ்ஓஹெச், அதாவது பேட்டரியில் மிச்சமிருக்கும் கொள்ளளவை, எழுத்தில் வாங்குங்கள். அதையும் ரீசெட் ஏமாற்றலாம் என்பதால், சார்ஜ் நன்றாக இறங்கும்வரை உங்கள் பாதையில், உங்கள் வேகத்தில் ஓட்டுங்கள். அப்புறம் சார்ஜரில் போட்டு, நிரம்ப எத்தனை யூனிட் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி) ஏறுகிறது என்று மீட்டரில் பாருங்கள். கொஞ்சம் மின்சாரம் வீணாவதையும் சேர்த்துக்கூட, 24 யூனிட் பேட்டரி கிட்டத்தட்டக் காலியிலிருந்து 16, 17 யூனிட்டிலேயே நிரம்பிவிட்டால் காரை விட்டுவிடுங்கள்.

வாரண்டித் தாளையும் வரிவரியாகப் படியுங்கள். பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. தருகின்றன. ஆனால் பேட்டரி பழுதாவதற்கு ஒரு காலம், கொள்ளளவு குறைவதற்கு வேறு காலம் என்று பிரித்திருக்கலாம். "பேட்டரிக்கு இன்னும் வாரண்டி இருக்கு" என்று என்னிடம் சொன்னது பழுதுக்கு மட்டும்தான். கொள்ளளவுக்கான காலம், கார் என் கைக்கு வரும் முன்பே முடிந்துபோயிருந்தது.