ஈஸ்ட் சஸ்ஸெக்ஸ் காட்டில் இரண்டு இரவுகள்

லண்டன் சேரிங் கிராஸ் நிலையத்தில் ஹேஸ்டிங்ஸ் செல்லும் ரயிலில் ஏறி, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பயணம் செய்தால் ஹை வீல்ட் எனப்படும் மேடும் பள்ளமுமான காட்டுப் பகுதியை அடைந்துவிடலாம். மே மாதத்தின் முதல் வாரத்தில் நானும் என் மனைவியும் ஒன்பது வயது மகளும் அங்குள்ள ஒரு முகாமிடத்தில் இரண்டு இரவுகள் தங்கினோம். மொத்தமே பன்னிரண்டு கூடாரங்களுக்குத்தான் அங்கே இடம் உண்டு. சில குறைகளைச் சொல்லவிருப்பதால் அதன் பெயரை எழுதாமல் விடுகிறேன்.

குறையிலிருந்தே தொடங்குகிறேன். முன்பதிவுக் கடிதத்தில் ‘வாயிலிலிருந்து சிறிது தூரம் நடக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். உண்மையில் பண்ணையின் வாயிலோடு டாக்சி நின்றுவிடுகிறது. அங்கிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரம், முந்தைய நாள் மழையில் ஊறிய களிமண் பாதையில், தள்ளுவண்டியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். இருந்த இரண்டு தள்ளுவண்டிகளில் ஒன்றின் சக்கரத்தில் காற்றில்லை. வீல்ட் களிமண் காலணியைப் பிடித்தால் எளிதில் விடுவதில்லை என்பதை இரண்டு நடை நடந்தபோது நன்றாகவே உணர்ந்தோம். குடிநீர்க் குழாயும் வாயிலருகே மட்டுமே இருப்பதால், பத்து லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு நாளுக்கொரு முறையாவது அதே பாதையில் போய்வர வேண்டியிருந்தது. உரிமையாளரிடம் இதைச் சொன்னபோது, இதனால்தான் இங்கே கூட்டம் சேர்வதில்லை என்று சிரித்தார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் முழங்கால் வலி உள்ள ஒருவர் பணம் கட்டுவதற்கு முன்பே அதை அறிந்திருக்க வேண்டாமா?

கூடாரமடித்து முடித்ததும் என் கோபம் பெரும்பாலும் தணிந்துவிட்டது. 1600ஆம் ஆண்டு முதலாவது இடைவிடாமல் காடாகவே இருந்துவரும் நிலத்தை இங்கிலாந்தில் தொன்மையான காடு என்று வகைப்படுத்துகிறார்கள். இந்தக் காடு அந்த வகையைச் சேர்ந்தது. செஸ்ட்நட், ஹார்ன்பீம் மரங்களைத் தரையை ஒட்டி வெட்டி, கரும்பில் மறுதாம்பு விடுவதைப் போல அடிக்கட்டையிலிருந்து மறுபடியும் தழைக்கவிடும் பழக்கம் இங்கே பல நூற்றாண்டுகளாக உண்டு. 16ஆம் நூற்றாண்டில் வீல்ட் பகுதியெங்கும் பெருகிய இரும்பு உலைகளுக்குக் கரி தந்தவை இத்தகைய காடுகளே. சரிவின் நடுவே எங்களுக்குக் கிடைத்த வட்டமான சமதளம், அந்தக் காலத்தில் கரிமூட்டம் போட்ட மேடை என்றார் உரிமையாளர். முளை அடித்தபோது மேல்மண் கருகருவென்று வந்ததைப் பார்த்த பிறகு அதை நம்பாமல் இருக்க முடியவில்லை. ஒரே கட்டையிலிருந்து ஏழெட்டுத் தண்டுகளாக நெருங்கி எழும் அந்த மரங்களே கூடாரங்களுக்கு நடுவே தட்டியைப் போல நிற்பதால், பக்கத்துக் கூடாரத்தார் இருமுவது கேட்டதே தவிர, இரண்டு நாட்களில் அவர்கள் முகத்தை நாங்கள் பார்க்கவே இல்லை.

நாங்கள் போனது ப்ளூபெல் பூக்கும் பருவம். உலகத்து ப்ளூபெல் பூக்களில் ஏறத்தாழப் பாதி பிரிட்டனில்தான் இருக்கின்றன என்று படித்திருந்தும், ஒரு சரிவு முழுவதும் நீலப் புகை படிந்ததைப் போல அவை நிற்பதை நேரில் கண்டபோது எங்களுக்குப் பேச்சு எழவில்லை. மிதிபட்ட செடிகள் தேறப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், பாதையின் இரு புறமும் கிடைமட்டமாகக் கழிகளைப் போட்டு எல்லை வகுத்திருக்கிறார்கள். எங்கள் மகள் புகைப்படத்துக்காக ஓர் அடி உள்ளே வைத்தபோது, வேறொரு கூடாரத்தைச் சேர்ந்த மூதாட்டி மிகுந்த மரியாதையோடு கண்டித்தார். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்தே இருந்தது.

அமைதியை எதிர்பார்த்து வருபவர்களிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாகன ஓசையும் பாட்டு ஓசையும் இங்கே இல்லை. மற்ற ஓசைகளுக்குக் குறைவில்லை. ஆங்கிலேயர்கள் ஒரே ஆந்தையின் கூவலாக எழுதும் ‘ட்விட் டூவூ’ உண்மையில் இரண்டு பறவைகளுடையது. பெட்டை ‘கீவிக்’ என்று கூப்பிட, ஆண் நீளமாகக் குழறிப் பதில் சொல்லும். முதல் இரவில் அந்த உரையாடல் எங்கள் தலைக்கு மேலேயே நடந்தது. நள்ளிரவுக்குப் பின் நாய் குரைப்பதைப் போல ஒரு சத்தம் கேட்டு மகள் விழித்துக்கொண்டாள். அது ரோ மான் என்று காலையில்தான் தெரிந்தது. கடைச்சாமத்தில், நாலேகால் மணியளவில், பிளாக்பேர்டும் ராபினும் தொடங்கிவைக்க ஒரு மணி நேரத்துக்குக் காடே இரைந்தது. மெல்லுறக்கக்காரர்கள் காதடைப்பான் எடுத்துச் செல்வது நல்லது. இரவில் குளிர் ஐந்து டிகிரி வரை இறங்கியதால், கோடைக்கான மெல்லிய தூக்கப்பை எங்களுக்குப் போதவில்லை.

தரையில் தீ மூட்டக் கூடாது. ஒவ்வோர் இடத்துக்கும் கால் வைத்த இரும்புத் தீச்சட்டி ஒன்று உண்டு. வண்டுகளும் பூஞ்சைகளும் பட்டமரத்தை நம்பி வாழ்வதால் காட்டில் சுள்ளி பொறுக்கவும் தடை. ஆகவே வலைப்பை ஒன்றுக்கு 9 பவுண்டு கொடுத்து அவர்களிடமே விறகு வாங்க வேண்டும். விலையைவிட விறகின் தன்மைதான் என் வருத்தம்: அது இதே காட்டின் செஸ்ட்நட். அந்த மரம் எரியும்போது வெடித்துப் பொறி தெறிக்கும் இயல்புடையது, நன்றாகக் காயாததாக இருந்தால் கேட்கவே வேண்டாம். எங்கள் கூடாரத்தின் முகப்புத் துணியில் இப்போது மிளகளவில் மூன்று துளைகள் இருக்கின்றன. மறுநாள் மாலை மழை பிடித்தபோது தீச்சட்டியை முகப்புக்குள் இழுத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அணைந்ததைப் போலத் தோன்றும் கங்குகூடக் கார்பன் மோனாக்சைடை வெளியிட்டு உயிரைப் பறிக்கும் என்ற அறிவிப்புப் பலகையை அவர்கள் அங்கேயே வைத்திருந்தது நல்லதாயிற்று.

கழிப்பறை தண்ணீரில்லாத மக்கும் கழிப்பறை. ஒவ்வொரு முறையும் ஒரு குவளை மரத்தூளைப் போட வேண்டும். நாற்றம் இல்லை, சுத்தமாகவே வைத்திருக்கிறார்கள். தண்ணீர் புழங்கியே பழகிய எங்களுக்குத்தான் அது சிறிது சங்கடமாக இருந்தது. குளியலறை கிடையாது. உள்ளாட்சியின் திட்ட அனுமதி பெறாமலேயே ஆண்டுக்கு 60 நாட்கள் வரை 50 கூடாரங்களுக்கு இடமளிக்கலாம் என்று 2023 ஜூலையில் வந்த விதியின் கீழ்தான் இதை நடத்துவதாகவும், அதனால் நிலையான கட்டடம் எதையும் எழுப்பவில்லை என்றும் உரிமையாளர் விளக்கினார்.

மூவருக்கும் இரண்டு இரவுகளுக்கு 76 பவுண்டு ஆனது. தென்மேற்கிலுள்ள டார்ட்மூர் மேட்டுநிலத்தின் சில பகுதிகளைத் தவிர, இங்கிலாந்தில் உரிமையாளரின் அனுமதியின்றி எந்தக் காட்டிலும் கூடாரமடிக்க உரிமை இல்லை என்பதை நினைத்தால், இப்படியோர் இடத்துக்கு இது அதிகமில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது மகளின் முழங்காலுக்குப் பின்னால் உண்ணி ஒன்று கடித்துக்கொண்டிருந்தது. லைம் நோய் பரவ வாய்ப்புண்டு என்பதால் நசுக்காமல் இடுக்கியால் நேராக இழுத்தெடுத்தோம். தோலில் தடிப்போ காய்ச்சலோ வரவில்லை. உண்ணிகளைப் பற்றி அந்தப் பலகையில் ஒரு வரிகூட இல்லை, அதையும் உரிமையாளருக்கு எழுதியிருக்கிறேன். செப்டம்பரில் மறுபடியும் போக இடம் பதிந்துவிட்டோம். இம்முறை எங்கள் மூட்டைகள் அனைத்தும் காற்றுள்ள அந்த ஒரே தள்ளுவண்டிக்குள் அடங்க வேண்டும் என்பது மனைவியின் நிபந்தனை.