போல் பார்ன் ஒர்க்‌ஷாப்புக்கு பழைய பாலிஐசோ போர்டு, காசுக்கு தாராளமா வொர்த்

மிச்சிகன் குளிர்ல தகரம் அடிச்ச போல் பார்ன்ல (தூண் நட்டு கட்டுற ஷெட்) மரவேலை பண்றவங்களுக்குத் தெரியும், நவம்பர் தாண்டினா உள்ள நிக்க முடியாது, மரப்பசை கூட ஒழுங்கா பிடிக்காது, பாட்டில்லயே 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல வேணும்னு போட்டிருப்பான். ஸ்ப்ரே ஃபோமுக்கு (குளிர் தடுக்க சுவர்ல அடிக்கிற நுரை) கொட்டேஷன் கேட்டா தலை சுத்திடுச்சு. அதான் பெரிய கட்டடங்கள்ல கூரை மாத்தும்போது கழட்டி விக்கிற பாலிஐசோ போர்டு (குளிர் தடுக்கிற கெட்டி ஃபோம் ஷீட்) வாங்கினேன், 4க்கு 8 அடி ஷீட், 2 இன்ச் கனம், புதுசோட விலையில பாதி கூட ஆகல.

புதுசுல இன்ச்சுக்கு ஆர் 6 கிட்ட சொல்லுவாங்க (ஆர்னா சூடு கடந்து போகாம தடுக்கிற அளவு, கூடினா நல்லது), ஆனா பழசாக ஆக கொஞ்சம் குறையும், கடுங்குளிர்ல இன்னும் குறையும், அதனால இன்ச்சுக்கு 5ன்னே கணக்கு வைங்க, அப்பவும் ஆர் 10 வருது, வெறும் தகரத்துக்கு அது எவ்வளவோ மேல். பபிள் ஃபாயில் ரோலை (குமிழி வச்ச பளபள ஷீட்) பாத்து ஏமாந்துடாதீங்க ப்ளீஸ், தகரத்தோட ஒட்டி அடிச்சா ஆர் 1 தான் தேறும்.

வாங்கப் போறப்ப ஒவ்வொரு ஷீட்டையும் தூக்கிப் பாருங்க. காஞ்ச ஷீட்ட ஒரு ஆளே அசால்ட்டா தூக்கிடலாம், கனமா இருந்தா தண்ணி குடிச்சிருக்குன்னு அர்த்தம். நான் போன இடத்துல அடுக்குல கீழ இருந்ததெல்லாம் ஓரம் ஊறி கறுத்துப்போய் இருந்துச்சு, ஆனா பொறுக்கி எடுத்துக்க விட்டாங்க.

மாட்டுறது ஈசி. தூண் 8 அடிக்கு ஒண்ணு, 6க்கு 6 தூணுக்கு நிஜ அளவு 5.5 இன்ச், அப்போ நடுவுல 90.5 இன்ச் கிடைக்கும், 96 இன்ச் ஷீட்ட 90க்கு வெட்டி படுக்க வச்சு மாட்டிட்டு சுத்தி இருக்கிற சந்துல கேன் ஃபோம் அடிச்சுடுங்க. ஒரு பக்கம் கத்தியால கீறி மடக்கினா டப்புனு உடையும், தூசி நெறைய பறக்கும், மாஸ்க் கட்டாயம். போர்டு மேல ஒட்டியிருக்கிற பழைய பேப்பர்ல டேப் சரியா ஒட்டாது, அதனால ஜாயின்ட்டுக்கும் ஃபோம்தான். இந்த சந்து அடைக்கிற வேலைல மட்டும் சோம்பேறித்தனம் வேணாம், காத்து உள்ள வந்துச்சுன்னா எத்தனை இன்ச் போட்டும் பிரயோஜனம் இல்ல.

போர்ட்ட அப்படியே திறந்து விடக்கூடாது, தீ பிடிச்சா ஆபத்து, மேல அரை இன்ச் டிரைவால் (ஜிப்சம் போர்டு) அடிக்கணும், வெல்டிங் பண்றவங்க இத தள்ளிப்போடவே கூடாது. இந்த செலவையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போடணும்.

சுவர் மட்டும் பண்ணி நிறுத்திட்டா சூடு மேல போயிடும். நான் சீலிங் அடிச்சு மேல செல்லுலோஸ் (தூளாக்கின பேப்பர் இன்சுலேஷன்) ஊதினேன், இன்ச்சுக்கு ஆர் 3.5 கிட்ட கிடைக்கும். ஆனா அதுக்கு முன்னாடி ட்ரஸ் (கூரையத் தாங்குற மரச் சட்டம்) செஞ்ச கம்பெனிகிட்ட அதோட கீழ் கட்டை சீலிங் வெயிட்ட தாங்குமான்னு கேட்டுடுங்க, நிறைய போல் பார்ன் ட்ரஸ் அதுக்குன்னு டிசைன் பண்ணினதே இல்ல. புகைபோக்கி இல்லாத கெரசின் ஹீட்டரும் வேணாம், ஒரு கேலன் எரிச்சா கிட்டத்தட்ட ஒரு கேலன் தண்ணி ஆவியா உள்ளயே வரும், அது தகரத்துல பட்டு சொட்டி டூல்ஸ் எல்லாம் துரு பிடிக்கும்.

இப்போ சின்ன எலக்ட்ரிக் ஹீட்டர்லயே ஜனவரில பசை போட்டு க்ளாம்ப் பண்ண முடியுது. அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அந்த அரை போனது ஷீட் பொறுக்குற அலைச்சலுக்கு. ட்ரக்கோ ட்ரெய்லரோ இல்லாதவங்க டெலிவரி சார்ஜ கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, தூரம் அதிகம்னா அதுலயே லாபம் போயிடும்.