பேச்சு ஆங்கிலம்: தரம் பிரிப்பதா, கலந்து இருத்துவதா?

திருகோணமலையில் தரம் 10 பிள்ளைகள் 28 பேருக்கு ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் வருடம் பரீட்சைப் புள்ளியைப் பார்த்து மூன்று குழுவாகப் பிரித்தேன். வேலை சுலபம்தான்: யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஆனால் அந்தப் புள்ளி எழுத்துக்குக் கிடைத்த புள்ளி. நிலாவெளியில் இருந்து வரும் ஒரு பையன் கடைசிக் குழுவில் இருந்தான். தகப்பன் சுற்றுலாப் பயணிகளைப் புறாத்தீவுக்குப் படகில் கொண்டுபோகிறவர். எழுதினால் வரிக்கு நாலு பிழை. ஒரு நாள், “படகில் வருகிறவர்களிடம் என்ன சொல்வாய்?” என்று கேட்டேன். பவளப்பாறையில் கால் வைக்கக் கூடாது, ஆமையைத் தொடக் கூடாது என்று மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் சொன்னான். முதல் குழுவில் பிழையே விடாத ஒரு பிள்ளை, தன் பெயரைச் சொல்லவே மேசையைப் பார்த்தது. அன்றோடு அந்தப் பிரிப்பை விட்டேன்.

அப்புறம் நாலு நாலு பேராகக் கலந்து இருத்தினேன். பத்து நிமிடம் ஒரு குழுவின் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒருத்தி பேசினாள், மூவர் தலையாட்டினார்கள். சும்மா கலந்தால் இதுதான் நடக்கும்.

மூன்றாவது, 1983இல் கீத் மோரிஸ் என்ற ஆங்கில ஆசிரியர் சொன்ன முறை. ஒரே விஷயத்தை மூன்று வேறு ஆட்களிடம் 4, 3, 2 நிமிடங்களில் சொல்ல வேண்டும். அவரவர் தெரிந்ததில் இருந்து தொடங்கலாம்; மூன்றாம் தடவை நாக்கு தானாகப் புரளும். என் பிள்ளைகளுக்கு 4 நிமிடம் அதிகம், அதனால் 2இல் தொடங்குகிறேன். குறை என்னவென்றால், பிழையும் மூன்று தடவை சொல்லிச் சொல்லி ஊறிவிடும்.

எனக்குப் பிடித்தது கலந்து இருத்துவதுதான், ஆனால் தகவலைப் பங்கு போட்டு. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உளவியலாளர் எலியட் அரோன்சன் செய்தது இது: ஆளுக்கு ஒரு துண்டுதான் கையில், எல்லாத் துண்டும் சேர்ந்தால்தான் வேலை முடியும். பஸ் நிலையத்தில் இருந்து கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியை வரைந்து, இரண்டாக வெட்டி, இருவருக்கு ஆளுக்கொரு பாதி கொடுத்தேன். முகம் பார்த்து இருந்தால் தாளைக் காட்டிவிடுவார்கள் என்று முதுகோடு முதுகு இருத்தினேன். ஆயத்தத்துக்கு 2 நிமிடம் தமிழில் பேசலாம், பிறகு ஆங்கிலம் மட்டும்.

கோட்டை வாசலுக்குப் பிறகுள்ள பாதி நிலாவெளிப் பையனிடம் இருந்தது. மேசையைப் பார்க்கும் அந்தப் பிள்ளை கேட்காமல் முடியாது. கேட்டாள். அவன் படகில் சொல்வது போலக் கடகடவென்று சொன்னான். “ஸ்லோவா சொல்லு” என்று தமிழில் தொடங்கியவள், நிறுத்தி, அதையே ஆங்கிலத்தில் சொன்னாள்.