எண்பது ரூபாய்க்குச் சில்லறை

இந்த முறை ஊரில் நான் அதிகம் அலைந்தது சில்லறைக்காகத்தான்.

துபாய் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது, ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு மீன் காட்சியகத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். பெரியவர்கள் மூன்று பேருக்கு 60, பிள்ளைகள் இரண்டு பேருக்கு 20, ஆக 80 ரூபாய். 500 ரூபாய்த் தாளை நீட்டினேன். டிக்கெட் கொடுப்பவர் அதைத் தொடவே இல்லை. "சில்லறை இல்ல சார், ஜிபே பண்ணுங்க." என்னிடம் ஊர் நம்பரும் இல்லை, ஜிபேயும் இல்லை. கார்டு? மெஷின் கிடையாதாம்.

சரி, எதிரே டீக்கடை. குடிக்க ஆசையில்லாத ஐந்து டீ வாங்கலாம் என்று போனால் அங்கேயும் க்யூஆர் அட்டை. இளநீர்க் குலையோடு சேர்த்து அதே அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார் அடுத்தவர். முன்னெல்லாம் சில்லறை இல்லை என்றால் இரண்டு மிட்டாயாவது கையில் திணிப்பார்களே, அந்த மரியாதையும் போச்சு. துபாய் மாலில் கோடி லிட்டர் மீன் தொட்டியையே நடைபாதையில் நின்று ஓசியில் பார்த்துவிட்டு வருகிறோம், இங்கே காசைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வெயிலில் நின்றேன்.

கடைசியில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாதான் சுருக்குப்பையை அவிழ்த்தார். ஈரத்தில் ஒட்டிக்கிடந்த தாள்களை எச்சில் தொட்டுப் பிரித்து, இரண்டு தடவை எண்ணி, 500-க்குச் சரியாகக் கொடுத்தார். "உள்ள என்ன தம்பி காட்டுறாங்க?" "மீன்தான் ஆத்தா." கூடையை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. "மீனப் பாக்கவா காசு?"

உள்ளே தொட்டிகள் சின்னவைதான், கண்ணாடியில் பாசி, பெயர்ப்பலகை முழுக்க ஆங்கிலமும் லத்தீனும். பிள்ளைகள் என்னைக் கேட்டார்கள், நான் பலகையைப் பார்த்தேன். என் அம்மாதான் முன்னால் வந்தது. "இது ஓரா, முள்ளு குத்துனா கடுக்கும். இது கிளாத்தி. அந்தா உப்பிக்கிட்டு நிக்கிதே, அது பேத்தை, திங்கக்கூடாது." மூலையில் மணலோடு மணலாகக் கிடந்த கடல் அட்டையைச் சின்னவன் கல் என்றே நினைத்திருந்தான். அதை அவித்துக் காயவைத்துக் கப்பலில் அனுப்பிய கதையெல்லாம் சொன்னது. 2001-இல் அதைப் பிடிக்கத் தடை வந்த பிறகு அந்தத் தொழில் இல்லை, கடத்தல் செய்திதான் இன்னும் வருகிறது.

துபாயில் அத்தனை சுறா பார்த்த பையன், அந்த ஒரு அட்டை நகருமா என்று இருபது நிமிடம் நின்றான். கொஞ்சம் நகர்ந்தது என்கிறான். நான் பார்க்கவில்லை.

மிச்சம் 420 ரூபாய் இன்னும் பர்ஸில்தான் இருக்கிறது, திறந்தால் மீன் வாடை.