ஸ்டர்ஜிஸ் ராலிக்கு போய் பைக் வாடகைக்கு எடுக்கப் போறீங்களா, முதல்ல இதைப் படிச்சிடுங்க

கொஞ்சம் நீளமான பதிவு தான், ஆனா இந்த ஆகஸ்ட்ல குடும்பத்தோட ஸ்டர்ஜிஸ்ல நடக்கற பைக் திருவிழாவுக்கு (ராலி) போக பிளான் போட்டிருக்கவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க, முக்கியமா பைக்கை அங்க போய் வாடகைக்கு எடுத்துக்கலாம்னு இருக்கவங்க. எங்ககிட்ட ரெண்டு பைக்குக்கும் சேத்து 2,870 டாலர் கார்டுல இருந்து உருவிட்டாங்க. வாடகை தனி, இது முழுக்க டேமேஜ்னு சொல்லி எடுத்தது. நாங்க பைக்கை கீழ போடவும் இல்ல, எங்கயும் இடிக்கவும் இல்ல.

நாங்க இருக்கறது மினசோட்டா. நான், என் மனைவி, 11 வயசு பொண்ணு, மச்சான், அவர் வீட்டம்மா, அவங்க 15 வயசு பையன், அப்புறம் காலேஜ் நண்பர்கள் ரெண்டு பேர். நண்பர்கள் சொந்த பைக்லயே வந்துட்டாங்க. எனக்கும் மச்சானுக்கும் லைசென்ஸ்ல மோட்டார்சைக்கிள் எண்டார்ஸ்மென்ட் (பைக் ஓட்ட அனுமதி) இருக்கு, ஆனா ஐ-90 ஹைவேல அவ்ளோ தூரம் பைக்லயே போக உடம்பு ஒத்துழைக்காது, அதனால எல்லாரும் வேன்ல போயிட்டு அங்க நாலு நாளைக்கு ரெண்டு பெரிய டூரிங் பைக் எடுத்துக்கலாம்னு முடிவு பண்ணோம். மார்ச் மாசமே ஆன்லைன்ல புக் பண்ணியாச்சு, ஒரு பைக்குக்கு ஒரு நாளைக்கு 279 டாலர். ராலி நேரம்னா ரேட் அப்படித்தான் இருக்கும்னு தெரிஞ்சு தான் போனோம், அதுல எனக்கு எந்த குறையும் இல்ல.

தெரியாதவங்களுக்காக ஒண்ணு சொல்லிடறேன். ஸ்டர்ஜிஸ்ங்கறது சவுத் டகோட்டால பிளாக் ஹில்ஸ் மலை ஓரமா இருக்கற சின்ன ஊரு, சாதாரண நாள்ல சுமார் 7,000 பேர் தான். இந்த ராலிய 1938ல ஜாக்பைன் ஜிப்ஸீஸ்னு ஒரு பைக் கிளப் ஒன்பது பேரை வச்சு ரேஸ் நடத்தி ஆரம்பிச்சது, இப்ப ஆகஸ்ட் ஆரம்பத்துல பத்து நாள் லட்சக்கணக்குல ஜனம் வருது. 2015ல 75வது வருஷத்துக்கு 7 லட்சத்துக்கும் மேல வந்தாங்க. அவ்ளோ கூட்டம் வர்றதால அந்த பத்து நாளைக்காகவே வெளியூர்ல இருந்து லாரில பைக்கை ஏத்திட்டு வந்து காலி இடத்துல டென்ட் அடிச்சு வாடகைக்கு விடறவங்க இருக்காங்க. நாங்க மாட்டினதும் அப்படி ஒரு டென்ட்ல தான். வெப்சைட்ட பாத்தப்ப பெரிய நிரந்தரமான கடை மாதிரி தான் இருந்துச்சு, போட்டோல கண்ணாடி ஷோரூம் எல்லாம் இருந்துச்சு, அங்க போனா சரளைக்கல்லு போட்ட ஒரு பார்க்கிங் லாட், ரெண்டு வெள்ளை டென்ட், ஒரு மடக்கு மேசை.

ஞாயித்துக்கிழமை காலைல 8 மணிக்கு பைக் ரெடியா இருக்கும்னு சொன்னாங்க. எங்க கைக்கு வந்தப்ப மணி பதினொண்ணே கால். முன்னாடி இருபது பேராச்சும் வரிசைல நின்னாங்க, வெயில் மண்டைய பொளக்குது, பசங்க வேன்ல ஏசி போட்டு உக்காந்திருக்காங்க. மேசைல இருந்த பொண்ணு பாவம் ஒரே ஆளா எல்லாத்தையும் பாத்துச்சு. ஒரு தாள்ல பைக்கோட படம் வரைஞ்சிருக்கும், ஏற்கனவே கீறல் இருந்தா அந்த இடத்துல பெருக்கல் குறி போடணும். அந்த பொண்ணு பைக்கை நிமிந்து கூட பாக்கல, "எல்லாம் சரியா இருக்கு, இங்க கையெழுத்து போடுங்க"ன்னு தாளை நீட்டுச்சு, நானும் போட்டேன், மச்சானும் போட்டாரு. படத்துல ஒரு குறி கூட இல்ல. காப்பி கேட்டதுக்கு மெயில்ல வரும்னாங்க, அது இன்னைக்கு வரைக்கும் வரல.

பைக் ரெண்டும் முந்தின ஆள் ஓட்டிட்டு விட்ட அழுக்கோடயே நின்னுச்சு. முன்னாடி பூரா பூச்சி ஒட்டி காஞ்சு கிடக்கு, சைடு பெட்டி மேல புழுதி அப்பியிருக்கு. அது ஏன் முக்கியம்னு அப்ப எங்களுக்கு உறைக்கல. புழுதிக்கு அடியில கீறல் இருந்தா யார் கண்ணுக்கும் தெரியாது.

பையனுக்கு ஒரு ஹெல்மெட் குடுத்தாங்க. சவுத் டகோட்டால பெரியவங்க ஹெல்மெட் போடறது அவங்கவங்க விருப்பம், ஆனா 18 வயசுக்கு கீழ இருக்கவங்களுக்கு கட்டாயம். அவங்க குடுத்தது தேங்காய் மூடி மாதிரி ஒண்ணு, உள்ள பஞ்சு ஒரு விரல் அளவு கூட இல்ல, பின்னாடி டிஓடி (அமெரிக்க போக்குவரத்து துறையோட பாதுகாப்பு தரம்) ஸ்டிக்கரும் இல்ல. மச்சான் வீட்டம்மா அதை கையில வாங்கி பாத்துட்டு "என் புள்ள தலைல இதை மாட்ட மாட்டேன்"னு ஒரே வார்த்தையா சொல்லிட்டாங்க, அவங்க சொன்னது தான் சரி. அங்கயே ஒரு கடைல 140 டாலருக்கு நல்ல ஹெல்மெட் வாங்கினோம்.

டெபாசிட்டா ஒரு பைக்குக்கு 2,000 டாலர் கார்டுல ஹோல்ட் போட்டாங்க, அதாவது அந்த தொகைய பிடிச்சு வச்சாங்க. அது போக ஒரு நாளைக்கு 35 டாலர்னு டேமேஜ் வேவர் (சேதம் ஆனா நம்மகிட்ட காசு கேக்க மாட்டோம்னு ஒரு ஒப்பந்தம்) ஒண்ணு எடுக்க சொன்னாங்க, "அது எடுத்துட்டா எல்லாம் கவர் ஆயிடும், நிம்மதியா ஓட்டுங்க"ன்னு வாயால சொன்னாங்க. எடுத்தோம். அப்புறமா அக்ரிமென்ட்ட உக்காந்து படிச்சா, வேவர் எடுத்தாலும் முதல் 2,000 டாலர் வரைக்கும் நம்ம பொறுப்பு தான், அதுக்கு மேல போனா தான் வேவர். டயர், வீல், கண்ணாடி எதுவுமே அதுல வராது. அதாவது அவங்க பிடிச்சு வச்சிருக்கற 2,000க்கு வேவரால ஒரு பாதுகாப்பும் கிடையாது. நம்ம கிரெடிட் கார்டுல வாடகை காருக்கு இன்சூரன்ஸ் இருக்குதேன்னு நினைக்காதீங்க, பெரும்பாலான கார்டுல மோட்டார்சைக்கிளுக்கு அது செல்லாது. வீட்டு கார் இன்சூரன்ஸும் வாடகை பைக்குக்கு பொதுவா வராது, கிளம்பறதுக்கு முன்னாடி போன் போட்டு கேட்டுக்கோங்க.

ஓட்டின நாலு நாளும் உண்மையிலேயே அருமையா இருந்துச்சு, அதையும் சொல்லணும். முதல் நாள் ஸ்பியர்ஃபிஷ் கேன்யன், டெட்வுட். ரெண்டாவது நாள் அயர்ன் மவுன்டன் ரோடு, 17 மைல்ல 314 வளைவு, பன்னி வால் மாதிரி தன்னையே சுத்திட்டு போற மரப்பாலம், மலைய குடைஞ்ச டனலுக்குள்ள நுழைஞ்சா அந்த ஓட்டை வழியா நேரா ரஷ்மோர் மலைல செதுக்கின அமெரிக்க ஜனாதிபதிங்க முகங்க தெரியும். பின்னாடி உக்காந்திருந்த என் மனைவி அந்த இடத்துல என் தோள அழுத்தி பிடிச்சுக்கிட்டாங்க, அதை நான் மறக்கவே மாட்டேன்.

ஆனா அதே நாள் மத்தியானம் நீடில்ஸ் ரோட்டுல மழை பிடிச்சுது, அந்த மலைல ஆகஸ்ட் மத்தியானம் இடி மழை திடீர்னு வரும், கூடவே பொடி ஆலங்கட்டி. ஒரு வளைவுல பின் வீல் லேசா வழுக்குச்சு. 360 கிலோவுக்கு மேல இருக்கற வண்டி, பின்னாடி மனைவி. உசுரு போய் உசுரு வந்துச்சு. மெதுவா உருட்டிட்டு வந்து பெட்ரோல் பங்க்ல நிறுத்தி நண்பன் குனிஞ்சு பாத்தான். டயர் பள்ளத்துக்குள்ள குறுக்கால சின்ன மேடு இருக்கும், டயர் தேஞ்சு அந்த மேட்டு மட்டத்துக்கு வந்துட்டா ஆயுசு முடிஞ்சுதுன்னு அர்த்தம், பைக் டயர்ல அது 1/32 இன்ச், அதாவது ஒரு மில்லிமீட்டர் கூட இல்ல. என் பின் டயர் நடுவுல அந்த மேடும் டயரும் ஒரே மட்டம். விரல வச்சு தடவினா வழவழன்னு இருக்கு. ரெண்டு நாள்ல எவனும் டயரை அப்படி தேய்க்க முடியாது, அது அவங்க குடுக்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கு. நண்பன் உடனே டயரையும், மீட்டர்ல ஓடின மைலையும் போட்டோ எடுத்து வச்சான். கடைக்கு போன் போட்டா வாய்ஸ்மெயில். நாலு தடவை போட்டேன், ஒருத்தரும் திருப்பி கூப்பிடல. மறுநாள் டெவில்ஸ் டவர் போறப்ப மனைவிய வேன்ல உக்கார வச்சிட்டு நான் மட்டும் 50 மைல் ஸ்பீடுக்கு மேல போகாம ஓட்டினேன்.

புதன்கிழமை சாயங்காலம் திருப்பி குடுக்க போனோம். இந்த தடவை அந்த பொண்ணு இல்ல, வேற ஒரு ஆள். குடுக்கும்போது தொடைக்காத பைக்கை இப்ப ஸ்ப்ரே அடிச்சு துணிய வச்சு பளபளன்னு தொடைச்சாரு. அப்புறம் முட்டி போட்டு உக்காந்து வலது பக்க சைடு பெட்டியோட அடி விளிம்புல கட்டைவிரல் நகத்தை வச்சு மெதுவா இழுத்தாரு. "நகம் மாட்டுது பாருங்க, நகம் மாட்டினா டேமேஜ்." அந்த ஆளுக்கு எங்க தடவணும்னு முன்கூட்டியே தெரியும், நேரா அந்த இடத்துக்கே தான் கை போச்சு. மச்சான் பைக்ல முன் ஃபெண்டர்ல அரிசி அளவுல பெயின்ட் போன இடம். நாங்க எவ்ளோ சொல்லியும் "நீங்க கையெழுத்து போட்ட தாள்ல குறி எதுவும் இல்லையே"ன்னு அதையே திரும்ப திரும்ப சொன்னாரு. டயரைப் பத்தி நான் கத்தினேன், எழுதி வைக்கறேன்னாரு.

ஒன்பது நாள் கழிச்சு பில் வந்துச்சு. எனக்கு சைடு பெட்டிக்கு 1,240, பின் டயருக்கு 390. ஆமா, என் உசுரை வாங்க பாத்த அந்த டயருக்கு என்கிட்டயே காசு. மச்சானுக்கு ஃபெண்டர் 975, அது போக பைக் ரிப்பேர்ல நின்ன நாளுக்கு வாடகை நஷ்டம்னு 265. அந்த 265 அப்பட்டமான பொய். வியாழக்கிழமை மத்தியானம் நாங்க இன்னும் ஊர்ல தான் இருந்தோம், மெயின் ஸ்ட்ரீட்ல பைக்கா வரிசை கட்டி நிக்குமே, அங்க அதே பைக் அதே நம்பர் பிளேட்டோட நிக்குது, வேற யாரோ எடுத்து ஓட்டிட்டு இருக்காங்க. பையன் தான் முதல்ல பாத்து போட்டோ எடுத்தான்.

என்னை காப்பாத்தினது என் பொண்ணு. முதல் நாள் பைக் கைக்கு வந்ததும் தாத்தா பாட்டிக்கு அனுப்பறதுக்காக என் பைக்கை சுத்தி சுத்தி ஒரு வீடியோ எடுத்திருந்தா, சின்ன புள்ளைங்கறதால கேமரா இடுப்பு உயரத்துல, அந்த பெட்டி விளிம்புக்கு நேரா. புழுதிக்கு நடுவுல அந்த கீறல் கோடு தெளிவா தெரியுது, பின்னாடி அவங்க டென்ட்டும் தெரியுது, வீடியோல நேரமும் இருக்கு. டயரும் ஒரு செகண்ட் வந்து போகுது.

பேங்க்குக்கு இதை எல்லாம் சேத்து, இந்த காசு எடுத்தது தப்புன்னு எழுத்துல டிஸ்ப்யூட் போட்டோம். கிரெடிட் கார்டுக்கு சட்டப்படி ஸ்டேட்மென்ட் அனுப்பின நாள்ல இருந்து 60 நாளுக்குள்ள எழுத்துல குடுக்கணும், போன்ல சொல்லிட்டேன்னு சும்மா இருந்துடாதீங்க. டெபிட் கார்டோ, பேங்க் கணக்குல இருந்து நேரா காசு அனுப்பற ஜெல் (Zelle) ஆப்போ யூஸ் பண்ணியிருந்தா எங்க கதி இன்னும் மோசம், அதுல இவ்ளோ பாதுகாப்பு கிடையாது. என்னோட 1,630ம் திரும்ப வந்துச்சு. மச்சானுக்கு நம்பர் பிளேட் போட்டோவால 265 வந்துச்சு. ஃபெண்டருக்கு எடுத்த 975 வரல, ஏன்னா அவர் பைக்கை ஆரம்பத்துல யாரும் வீடியோ எடுக்கல, அவங்க அந்த கையெழுத்து போட்ட தாளை பேங்க்குக்கு அனுப்பிட்டாங்க.

அதனால போறவங்க, பைக்கை கையில வாங்கினதும் எவ்ளோ கூட்டம் இருந்தாலும், பின்னாடி நிக்கறவங்க முறைச்சாலும், ஒரு ஈரத்துணிய எடுத்து முதல்ல பைக்கை தொடைங்க. தொடைச்சிட்டு அந்த ஆளுங்க முன்னாடியே வீடியோ எடுங்க, பெட்டிக்கு அடில, சைலன்சர் அடில, ஃபெண்டர் நுனி, ஹேண்டில் முனை, ஃபுட்போர்டு அடி எல்லாம் குனிஞ்சு எடுங்க, டயர் பள்ளத்தையும் மீட்டரையும் கிட்டக்க காட்டுங்க. டயர் பக்கவாட்டுல டிஓடின்னு ஆரம்பிக்கற எழுத்து வரிசைல கடைசி நாலு எண் தயாரிச்ச வாரமும் வருஷமும், அதையும் பாருங்க. தாள்ல குறி போடாம கையெழுத்து போடாதீங்க, போட்டதும் அந்த தாளையே போன்ல போட்டோ எடுத்துக்கோங்க, மெயில்ல வரும்னா நம்பாதீங்க. திருப்பி குடுக்கும்போதும் அதே மாதிரி ஒரு வீடியோ. முடிஞ்சா ராலிக்காக மட்டும் வர்ற டென்ட்ட விட்டுட்டு வருஷம் பூரா அங்கயே கடை வச்சிருக்கவங்ககிட்ட எடுங்க, ராபிட் சிட்டி பக்கம் கிடைக்கும், ஆனா ரொம்ப முன்னாடியே புக் பண்ணணும். எங்க ஆளுங்களுக்கு இப்ப போன் போட்டா அந்த நம்பரே உபயோகத்துல இல்லன்னு வருது.

மச்சான் விடறதா இல்ல. சவுத் டகோட்டா அட்டர்னி ஜெனரல் ஆபீஸ்ல நுகர்வோர் பாதுகாப்பு பிரிவு இருக்கு, அங்க கம்ப்ளைன்ட் எழுதி போட்டிருக்காரு. ஸ்டர்ஜிஸ்ல தற்காலிக கடை போடறவங்க சிட்டிகிட்ட லைசென்ஸ் வாங்கி தான் கடை போடணும், அதனால சிட்டி ஆபீஸுக்கும் ஒரு காப்பி அனுப்பியிருக்காரு. போன ஆகஸ்ட்ல அங்க சரளைக்கல் லாட்ல ரெண்டு வெள்ளை டென்ட் போட்ட இடத்துல பைக் எடுத்து இதே மாதிரி பில் வந்தவங்க யாராச்சும் இருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, உங்க பில்லையும் சேத்து அனுப்பலாம்னு இருக்கோம்.