படகுக்கு ஷைன் போட வருகிறவர்களிடம் கவனமாக இருங்கள்

காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களிலும் நுவரெலியா பக்கமும் பைபர் படகு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். ஏப்ரல் சீசனுக்கு முன்னால் ஒரு வேனில் வந்து, "மங்கின படகைப் புதுசு மாதிரி ஆக்கித் தர்றோம், மூணு வருஷம் கேரண்டி" என்று சொல்லி வேலை எடுக்கும் ஆட்கள், எங்கள் இரண்டு படகுகளையும் நாசமாக்கிவிட்டுப் போய்விட்டார்கள். நானும் அண்ணனும் காசல்ரீயில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் பிழைக்கிறோம். எங்களுக்கு இது சின்ன நட்டம் இல்லை.

அவர்கள் ஆளைப் பிடிக்கும் விதம் இதுதான். வெளுத்துப்போன நீல நிறப் பக்கத்தில் ஒரு துணியால் துடைத்தார்கள். துடைத்த இடம் மட்டும் கருநீலமாக மின்னியது. "பாருங்க அண்ணே, ஒரு தரம் துடைச்சதுக்கே இப்படி. முழுசா செஞ்சா முகம் பார்க்கலாம்" என்றார் கூட வந்தவர். நுவரெலியாவில் கிரகரி வாவிப் படகுகள் எல்லாம் தாங்கள் செய்தவைதான் என்றும் சொன்னார். அந்தப் பக்கம் படகு ஓட்டுபவர்களிடம் பிறகு விசாரித்தோம், இவர்களை யாருக்கும் தெரியாது.

அந்தத் துணியில் இருந்தது வெறும் எண்ணெய். பைபர் படகின் வெளித்தோலுக்கு ஜெல்கோட் என்று பெயர். அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அதன் மேற்பரப்பை அரித்துச் சொரசொரப்பாக்குகிறது. கையால் தடவினால் வெள்ளை மாவு ஒட்டும். அந்தச் சொரசொரப்பில் வெளிச்சம் சிதறுவதால்தான் நிறம் வெளுத்துத் தெரிகிறது. எண்ணெய் பட்டாலும் சரி, வெறும் தண்ணீர் பட்டாலும் சரி, பள்ளங்கள் நிரம்பி நிறம் திரும்பி வந்ததுபோல் தோன்றும். மலை குளிர்தானே, இங்கே வெயில் என்ன செய்யும் என்று நினைக்காதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். நுவரெலியா டவுன் இருப்பது சுமார் 1,868 மீட்டர் உயரத்தில்.

சரி, வேலைக்கு வருவோம். பாத்ரூம் டைல் கழுவும் அசிட் ஊற்றிக் கழுவினார்கள். படகு சரியாகக் காயக்கூட இல்லை, மாலை மூடுபனி இறங்கும் நேரத்தில் கிளியர் லெக்கர் என்கிற நிறமில்லாத பளபளப்புப் பூச்சை ஸ்ப்ரே பண்ணினார்கள். அன்றைக்குப் பளபளவென்றுதான் இருந்தது. காசை வாங்கிக்கொண்டார்கள். பில் கேட்டதற்கு, "ஃபோன் நம்பர் இருக்கே அண்ணே, நாங்க எங்கே போயிடப் போறோம்" என்றார்கள். அந்த நம்பர் இப்போது வேலை செய்வதில்லை.

ஈரக் காற்றில் அடித்த லெக்கர் பால் படிந்ததுபோல் வெளுத்தது. அடியில் இருந்த மாவை யாரும் எடுக்கவில்லை என்பதால் அது ஜெல்கோட்டில் பிடிக்கவும் இல்லை. மே மாத மழை தொடங்கியதும் வெங்காயத் தோல் மாதிரி உரிய ஆரம்பித்தது. சீசனுக்கு வந்தவர்கள் எங்கள் படகைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் படகில் ஏறினார்கள்.

சிறிய படகின் கதை இதைவிட மோசம். அடிப்பக்க மூலைகளில் கிரைண்டரில் டிஸ்க் மாட்டி, தண்ணீர் விடாமல் தேய்த்திருக்கிறார்கள். மூலைகளில் ஜெல்கோட் மெல்லிசு. முழுக்கப் போய், உள்ளே இருக்கும் பைபர் இழை தெரிகிறது. இப்படியே தண்ணீரில் விட்டால் இழை வழியாக ஈரம் ஏறிப் படகு உள்ளுக்குள் கெட்டுப்போகும். அரைத்த தூளையும் அப்படியே நீரில் கழுவி விட்டார்கள். அந்த நீரில் பிடிக்கும் மீனைத்தான் பக்கத்துத் தோட்டத்து லயங்களில் சமைக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் அடங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹட்டனில் வாகனங்களுக்குக் கட் அன்ட் பொலிஷ் செய்கிற ஒரு பாஸ் வந்து பார்த்தார். தின்னர் நனைத்த துணியால் ஒரு இடத்தைத் துடைத்தார். பூச்சு பிசுபிசுவென்று துணியோடு வந்துவிட்டது. "ஜெல்கோட்டா இருந்தா இப்படிக் கரையாது தம்பி. மேல வார்னிஷ் மாதிரி ஒண்ணை அடிச்சிருக்காங்க" என்றார்.

முறையான வேலை எப்படி நடக்கும் என்பதையும் அவர்தான் காட்டிக்கொடுத்தார். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பழைய மெழுகையும் எண்ணெயையும் அசிட்டோனால் துடைத்தெடுக்க வேண்டும். அப்புறம் நிழலில் வைத்து, மெஷினில் மெதுவான வேகத்தில் கம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசையைப் போட்டுத் தேய்க்க வேண்டும். அதற்கும் மினுக்கம் வராவிட்டால் மட்டும், தண்ணீர் விட்டுக்கொண்டே 1000, 1500, 2000 நம்பர் சாண்ட் பேப்பரால் வரிசையாகத் தேய்த்துவிட்டு மறுபடி கம்பவுண்ட். ஒவ்வொரு தேய்ப்பிலும் ஜெல்கோட் குறையும் என்பதால் சாண்ட் பேப்பரை அவசரப்பட்டு எடுக்கக்கூடாது. அதற்குப் பிறகு நைசான பொலிஷ், கடைசியாகத்தான் மெழுகு. எந்த மெழுகும் மூன்று வருஷம் நிற்காது. வெயிலில் கிடக்கும் படகுக்கு வருஷத்தில் இரண்டு மூன்று தடவையாவது திரும்பப் போட வேண்டும்.

ஆகவே யார் வந்தாலும் முதலில் ஒரு முழ இடத்தை மட்டும் செய்யச் சொல்லுங்கள். மெழுகு பூசுவதற்கு முன்னால் அந்த இடத்தைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, காயவிட்டுப் பாருங்கள். அப்போதும் மின்னினால் வேலை தெரிந்தவர். "மேலே ஒரு கோட் அடித்தால்தான் தெரியும்" என்றால் ஒரு ரூபாய் அட்வான்சும் கொடுக்காதீர்கள். பெயரும் விலாசமும் உள்ள பில் இல்லாமல் வேலை தொடங்க விடாதீர்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி எண்ணில் அழைத்து முறையிடலாம், ஆனால் பில் கையில் இருந்தால்தான் அந்த முறைப்பாட்டுக்குப் பலம்.

பெரிய படகில் லெக்கரை உரித்துவிட்டு, பாஸும் நாங்களும் பக்கம் பக்கமாகக் கம்பவுண்ட் போட்டு வருகிறோம். நீலம் திரும்பிக்கொண்டிருக்கிறது. சின்னப் படகுக்கு மூலைகளில் புது ஜெல்கோட் போட்டு முடிக்கும்வரை அதைத் தண்ணீரில் இறக்கப்போவதில்லை.